ஒரு பீஸ் குறைகிறது

பேக்கிங் மேசையருகே நின்றே கால் வீங்கியவர்களே, உங்களுக்குத் தெரியும்: பெட்டியில் இருப்பதை யாரும் பார்க்கமாட்டார்கள், இல்லாததைத்தான் கேட்பார்கள்.

சிஸ்டர் சொன்ன சொல்

கல்லூரியில் லத்தீன் கற்பித்த சிஸ்டர் ஒரு வினைச்சொல்லை மட்டும் கரும்பலகையில் மெதுவாக எழுதுவார்: தேசீதெராரே. அதற்குள் நட்சத்திரம் இருக்கிறது என்பார். வராத விண்மீனுக்காக வானத்தைப் பார்த்து நிற்பதுதான் அதன் வேர் என்று சிலர் சொல்வார்களாம். போர் முடிந்து ஆட்களை எண்ணும்போது குறைகிறவர்களுக்கும் அதே சொல். ஒருவரை நினைத்து ஏங்குவதற்கும் அதே சொல்.

நாற்பத்தைந்து ஆண்டு கழித்து எங்கள் பனியன் கம்பெனியில் குழந்தைகள் கவுன் பேக்கிங் நடந்தது. கடைசிப் பெட்டியில் ஒரு பீஸ் குறைந்தது. இரண்டு வயது சைஸ். அந்தச் சொல் என் வாயில் வந்துவிட்டது. பொருளையும் சொல்லித் தொலைத்தேன். மேனேஜர் தலையில் கைவைத்தார்.

"அம்மிணி, ஏக்கத்த அப்பறம் வெச்சுக்கலாமுங்க. மொதல்ல பீஸ் எங்கீங்க?"

ஜன்னலோரம்

என்னோடு துணி மடிக்கும் சபிதா ஒடிசாக்காரி. ஆறு மாதக் குழந்தையைத் தன் தாயிடம் விட்டு வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. அன்று லோடு ஏறினால்தான் அவளுக்கு லீவு, மறுநாள் ரயில். பீஸ் கிடைக்காவிட்டால் எல்லாப் பெட்டியையும் பிரித்து எண்ண வேண்டும், ரயில் போய்விடும்.

தேடிப் போனேன். ஜன்னலோரம் அவள் மண்டியிட்டிருந்தாள். கவுனின் இரு தோள்களையும் பிடித்து, உள்ளே ஒரு குழந்தை நிற்பதுபோல் தரைக்குமேல் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷின் இரைச்சலில் நாங்கள் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. திருட்டு என்று எழுதினால் வேலை போய்விடும். "மேசைக்கு அடியில கெடந்துதுங்க" என்று மேனேஜரிடம் சொல்லி, கவுனைப் பெட்டியில் வைத்து ஒட்டினேன். சபிதா கேட்டது ஒன்றே ஒன்று:

"அம்மா, இப்போ இவ்ளோ பெருசா இருப்பாளா?"

காதர்பேட்டை

அவள் கொண்டுபோக ஒரு கவுன் வாங்க அன்று சாயங்காலமே காதர்பேட்டைத் துணிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் வயதைக் கேட்டார், சொன்னேன். "ஒல்லிங்களா, பூசுனாப்பலயா?" என்றார். சபிதாவின் போனில் நான் பார்த்தது முகம் மட்டும். மெல்போர்னில் இருக்கும் என் பேத்தியும் எனக்கு முகம் மட்டும்தான். இடுப்பளவு வருவாளா, தோளளவு வருவாளா, தெரியாது. போனில்தான் பார்த்திருக்கிறேன் என்றேன். கடைக்காரர் சொன்னார்:

"போன்ல பாத்தா ஒசரந் தெரியாதுங்க. ஒரு சைஸ் பெருசாவே கொண்டுபோங்க."

ஊரிலிருந்து

நான்காம் நாள் சபிதா வீடியோவில் கூப்பிட்டாள். மகள் பாட்டியின் சேலைக்குள் பாதி ஒளிந்துகொண்டு நின்றாள். பெரிய சைஸ் கவுனே முழங்காலுக்கு மேல் நின்றது. "என்னைக்குத் திரும்பற கண்ணு?" என்றேன். சபிதா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அம்மா, ரொம்ப வளந்துட்டா. இனிமே விட்டுட்டு வர முடியாது."

மறுநாள் எல்லாப் பெட்டியும் கணக்குச் சரி, மேசையில்தான் ஒருத்தி குறைந்தாள். அதற்கு ஷார்ட்டேஜ் ரிப்போர்ட் எந்த மேனேஜரிடம் கொடுப்பது என்று சிஸ்டர்கூடச் சொல்லித்தரவில்லை.