அசனத்து அண்டா

எங்கள் ஊர்த் திருச்சபைக் கமிட்டி என்னிடம் ஒரு கல்வெட்டு வாசகம் எழுதித் தரக் கேட்டது. ராதாபுரம் பக்கத்துப் பனங்காட்டு ஊர். வருடத்துக்கு ஒருமுறை ஆலய வளாகத்தில் அசனம் நடக்கும். ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். அதற்குச் சோறு பொங்குகிற பெரிய செம்பு அண்டா எங்கள் வீட்டு உபயம். யுத்த காலத்தில் வெள்ளைக்கார அரசாங்கத்தை எதிர்த்துத் தந்திக் கம்பியை அறுத்துவிட்டுப் பனங்காட்டில் ஒளிந்திருந்தவர்களுக்கு என் தாத்தா அந்த அண்டாவில்தான் சோறு பொங்கி அனுப்பினாராம். அதற்காக ஒவ்வொரு அசனத்திலும் குருவானவர் எங்கள் வீட்டுக்கு நன்றி சொல்வார். இந்த வருடம் அந்தக் கதையைப் பளிங்கில் வெட்டிச் சுவரில் பதித்துவிடலாம் என்று திட்டம்.

கொஞ்ச நாள் முன்புதான் பாளையங்கோட்டையில் ஒரு வாசகர் கூட்டத்தில் பிரெஞ்சு எழுத்தாளர்களைப் பற்றிப் பேசியிருந்தேன். ஜெர்மன்காரர்கள் அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலம் முடிந்ததும், நாடே எதிர்த்து நின்றது என்று ஒரு கதை கிளம்பியது. அரசாங்கத்துக்கும் வசதி, குடும்பங்களுக்கும் வசதி. பிறகு, அன்றைக்குக் குழந்தைகளாக இருந்தவர்களும் அதன்பின் பிறந்தவர்களும் எழுத வந்தார்கள். என் அப்பா யாரோடு வியாபாரம் செய்தார், அடுத்த வீட்டு யூதக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனபோது ஜன்னலைச் சாத்தியது யார், அந்த வீட்டு மேஜை நாற்காலி இப்போது யார் வீட்டில் கிடக்கிறது என்று கேட்டார்கள். எல்லாரையும் துரோகி என்று அவர்கள் முடித்துவிடவும் இல்லை. பயந்தவன், பிழைக்கப் பார்த்தவன், ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிட்டு இன்னொருவரை ஒளித்து வைத்தவன் எல்லாரையும் எழுதினார்கள். எனக்கு அவர்கள்மேல் கொள்ளைப் பிரியம். குரலை உயர்த்தியே பேசினேன். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் எழுந்து, அப்பா உயிரோடு இருக்கும்போது கேட்டார்களா, செத்த பிறகா என்றார். பெரும்பாலும் பிறகுதான் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

வாசகம் எழுத உட்கார்ந்தால் அந்தச் சிரிப்புத்தான் முன்னால் வந்து நின்றது. எங்கள் ஊரில் ஒரு வீட்டார் மட்டும் அசனத்தில் சாப்பிட மாட்டார்கள். அரிசி கொடுப்பார்கள், பந்தல் போட வருவார்கள், பந்தியில் உட்கார மாட்டார்கள். வீம்பு பிடித்தவர்கள் என்று வீட்டில் சொல்லிச் சொல்லி நானும் நம்பியிருந்தேன். காலமாகிவிட்ட அந்த வீட்டுப் பெரியவரும் பனங்காட்டில் ஒளிந்திருந்தவர்களில் ஒருவர். எங்கள் சோற்றைச் சாப்பிட்டவர் வீட்டுக்கு எங்களோடு என்ன வீம்பு? ஊருக்குப் போய் அவருடைய மகனிடமே கேட்டேன். எனக்கு அண்ணன் முறை, எழுபது வயது இருக்கும்.

அவர் கோபப்படவில்லை. கருப்பட்டிக் காப்பி கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

“அது எங்க அண்டால்லா, தங்கச்சி. பதநீர் காய்ச்சுறதுக்கு வாங்கினது. அப்பாவத் தேடி வந்த போலீஸு, ஆள் கெடைக்கலன்னு வீட்டுச் சாமானத்த ஜப்தி பண்ணி ஏலம் போட்டான். உங்க தாத்தா எடுத்தாரு. இங்கன தங்குன போலீஸுக்குத்தான் அதுல சோறு பொங்குச்சு.”

அண்டா போனபின் பதநீர் காய்ச்ச வழியில்லாமல் அவருடைய அம்மா கூலி வேலைக்குப் போனார்களாம். அப்பா ஜெயிலிலிருந்து திரும்பி வந்தும் அதைக் கேட்டுப் போகவில்லையாம்.

என் அப்பாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. பிரெஞ்சுக்காரர்களைப் போலக் காரமாகக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“தெரியும், பிள்ள. அண்டா வண்டில வந்து எறங்கும்போது நான் அங்கனதான் நின்னேன்” என்றார்.

அப்படியானால் காட்டுக்குச் சோறு போன கதை எங்கிருந்து வந்தது என்றேன். சுதந்திரம் கிடைத்த பிறகு யாரோ அப்படிச் சொன்னார்களாம், தாத்தா மறுக்கவில்லையாம். அப்புறம் மறுப்பது கஷ்டமாகிவிட்டதாம். இதை நான் எப்படிக் கல்லில் எழுதுவது என்று கேட்டேன். நீ எழுத வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

அசனத்தன்று இலை போட்டுச் சோறு வைத்தாகிவிட்டது. குருவானவர் வழக்கம்போல எங்கள் வீட்டுக்கு நன்றி சொல்லத் தொடங்கியதும், அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அண்டா யாருடையது, எப்படி எங்களிடம் வந்தது, அதில் யார் சாப்பிட்டார்கள் என்று சொன்னார். ஒன்றையும் விடவில்லை. அந்த அண்ணன் பந்தல்கால் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அப்பா அவரைப் பார்த்து, அண்டாவை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

அவர் பக்கத்தில் வந்து அப்பாவின் கையைப் பிடித்துப் பைய உட்கார வைத்தார்.

“எங்க அப்பா இருக்கையில சொல்லியிருக்கலாம், சித்தப்பா” என்றார்.

பிறகு அண்டாவைத் தொடாமலே தன் வீட்டைப் பார்த்து நடந்தார். அப்பா இலையில் கை வைக்கவில்லை. எனக்கும் அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை.