வடத்தில் இரண்டு கை

திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் பிரிவில் எது நல்ல நடத்தை, எது கெட்டது என்று மேனேஜர் எழுதித் தரச் சொன்னார். எல்லாரும் பணிவு, நேரந்தவறாமை என்று எழுதினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. பணிவை வைத்துக்கொண்டு நின்றுபோன சர்வரை ஓட்ட முடியுமா? ‘தான் இல்லாவிட்டால் எதுவும் ஓடாதபடி வைத்திருப்பவன்தான் கெட்டவன்’ என்று ஒரே வரி எழுதினேன். எழுதிய பிறகுதான் உறைத்தது, அது நானேதான்.

எந்தக் கோளாறுக்கு என்ன செய்வது என்பதெல்லாம் என் தலைக்குள் மட்டுமே இருந்தது. போன வருஷம் வில்லியனூர்த் தேரன்றுகூட ஒரு கையில் வடம், மறு கையில் போன். தலைக்குள் இருந்த அத்தனையையும் ஒரு நோட்டில் எழுதி, மடுகரையிலிருந்து வந்து கூட வேலை செய்யும் பெண்ணிடம் கொடுத்தேன்.

இந்த வருஷம் இரண்டு கையாலும் வடம் பிடித்தேன். போன் அடிக்கவே இல்லை. மறுநாள் வேலைக்குப் போனால், தேரன்று சர்வர் நின்றுபோய் அவளே சரிசெய்திருக்கிறாள்.

“இன்னாம்மா, ஒரு போன் பண்ணக் கூடாதா?”

“இன்னாத்துக்கு சார்? ஒங்க நோட்டுலயே ஒரு எடம் தப்பா இருந்துச்சு. அதயும் திருத்திட்டேன்.”

நோட்டில் நான் எழுதிய வரியைச் சிவப்பு மையால் அடித்திருந்தாள். எனக்கு அப்போதுதான் தேர் நிலைக்கு வந்தது.