ருவைஸ் சரளைத் தரையில் அம்புமுனைகள்

வண்டி மணலில் புதைந்ததால்தான் எல்லாம் ஆரம்பித்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் நாங்கள் அபுதாபி பக்கம் ருவைஸில் இருந்தோம். என் கணவருக்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை. ஒரு குளிர்கால வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பக்கத்து வீட்டுக் குடும்பமும் நாங்களும் ஒரே வண்டியில் பாலைவனத்துக்குக் கிளம்பினோம். அவர்களுக்குச் சொந்த ஊர் காயல்பட்டினம். அந்த வீட்டுப் பெண் என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்பாள். பிரியாணிச் சட்டியை இறக்கும் முன்பே பின்சக்கரங்கள் மணலுக்குள் போய்விட்டன. டயரில் காற்றை இறக்குவதா, அடியில் பலகை வைப்பதா என்று ஆண்கள் இருவரும் பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சு லேசில் முடியாது என்று தெரிந்து, நான் கொஞ்ச தூரம் நடந்தேன்.

மணல் முடிந்து சரளைத் தரை வந்தது. வெயில் சாய்ந்திருந்தது. அத்தனை கல்லுக்கும் நடுவே ஒன்று மட்டும் தேன் நிறத்தில் மின்னியது. குனிந்து எடுத்தேன். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. இரண்டு பக்கமும் பொடிப்பொடியாகச் செதுக்கியிருந்தார்கள். அடியில், குச்சியில் வைத்துக் கட்ட ஒரு சின்ன வால். அம்புமுனைதான்.

எனக்கு இது புதிதில்லை. திருச்செந்தூர்ப் பக்கம் கல்லூரியில் வரலாறு படித்தபோது, வகுப்போடு ஒருமுறை தேரிக்காட்டுக்குப் போய்ச் செம்மணலில் கிடந்த கற்கருவிகளைப் பார்த்தேன். அதற்குப் பிறகு லீவு நாளெல்லாம் ஒரு தோழியோடு அங்கேதான். கல்யாணம், விசா, பிள்ளைகள் என்று ஆனதில் அந்தப் பைத்தியம் எப்போது தெளிந்தது என்றே ஞாபகமில்லை. இப்போது கல்லை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். யாரோ மெனக்கெட்டுச் செதுக்கி, எய்து, குறியைத் தவறவிட்டிருக்கிறான். அன்றைக்கு அவன் வீட்டில் என்ன திட்டு வாங்கினானோ.

ஓடிவந்து காட்டினேன். பிள்ளைகள் இங்கிலீஷில் வெறும் கல்தானே என்றார்கள். கணவர் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளியும் போனேன், அதற்கடுத்ததும். பக்கத்து வீட்டுக்காரி முதலில் ஊர்க்கதை பேசத்தான் கூட வந்தாள். சூரியனைப் பார்த்து நட, மினுக்கத்தைத் தேடு என்று சொல்லிக் கொடுத்தேன். பாட்டில் துண்டு, ஆட்டெலும்பு என்று எல்லாவற்றையும் பொறுக்கிக் கொண்டுவந்து நீட்டுவாள். நான் கண்டெடுத்தவையும் பெரும்பாலும் உடைந்தவைதான். ஒருநாள் செருப்புக்குள் போன கல்லை உதறக் கீழே உட்கார்ந்தவள், நிதானமாகக் கேட்டாள்:

"அக்கா, இது நீங்க தேடுற சாமானா?"

இலை வடிவத்தில், விரல் நீளத்துக்கு, ஒரு சில்லுகூடப் பெயராத அம்புமுனை. எனக்கு வந்த பொறாமையில் கொண்டுபோன சமோசாவைக் கடிக்காமலே டப்பாவில் போட்டு மூடினேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நீங்களே வச்சுக்குங்க. இதுக்குப் போய் அழுவீங்க போலிருக்கே."

கடைசியில் இரண்டு பேருமே வைத்துக்கொள்ளவில்லை. இதெல்லாம் அரசாங்கத்துச் சொத்து, ஒப்படைக்க வேண்டும் என்று ஆலையில் வேலை பார்த்த ஒரு அரபிக்காரர் என் கணவரிடம் சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து அடுக்கி, தொல்பொருள் அலுவலகத்துக்குப் போன் செய்தோம். வந்த அதிகாரியிடம் திட்டு விழும் என்று பயந்துகொண்டே டீ போட்டேன். அவரோ சாப்பாட்டு மேஜையில் கல்லையெல்லாம் பரப்பி, சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு, எடுத்த இடத்தைக் காட்டச் சொன்னார். மறுநாளே கூட்டிப்போனோம். இனி கண்டால் தொடாதீர்கள், போட்டோ எடுத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள், கல் கிடக்கும் இடத்தில்தான் பாதி விஷயமே இருக்கிறது என்று விளக்கினார். இலை வடிவத்து முனையை யார் கண்டது என்று கேட்டதும், பக்கத்து வீட்டுக்காரி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒரு அடி முன்னால் வந்து நின்றாள்.

எடுக்கக் கூடாது என்றானதும் ஆசை விட்டுப்போகும் என்று நினைத்தேன். விடவில்லை. கண்டதும் ஒரு குறுகுறுப்பு வருமே, எனக்கு அதுவே போதுமாக இருந்தது. போட்டோ எடுக்க என் கணவர் டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கினார். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குனிந்தபடியே எங்களுக்கெல்லாம் முன்னால் போய்விடுவார். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது.