ஒரு வாளி ஃபினாயில் தண்ணீர்

என் கணவர், வீட்டுக் கொல்லையில் எரிவாயு தயாரித்தார். இப்படிச் சொன்னால் ஏதோ தொழிற்சாலை போலத் தோன்றும். இருந்தவை இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள்தான். பெரிய தொட்டியில் கரைத்த கழிவு. அதற்குள் சின்னதைக் கவிழ்த்து வைத்திருப்பார். கழிவு புளித்து வாயு சேரச் சேர, கவிழ்ந்த தொட்டி மேலே எழும்பும். அடுப்பை எரித்தால் இறங்கும். தேஹு ரோடு ராணுவ டிப்போவில் ஓய்வு பெற்ற மறுமாதமே வேலையை ஆரம்பித்துவிட்டார்.

பழைய சோறு, புளித்த இட்லி மாவு, வாழைப்பழத் தோல் எல்லாம் அதற்குள் போகும். கிர்ணி என்று இங்கே மராத்தியில் சொல்கிற மாவு மில்லில் தரையில் சிந்தும் மாவைக் கூட்டி எடுத்து வருவார். அதுதான் அதற்கு ரொம்பப் பிடிக்கும் என்பார். மாமியார் இல்லாத குறையை அந்தத் தொட்டி தீர்த்துவைத்தது. அதற்கு வேளாவேளைக்குச் சாப்பாடு வேண்டும், உப்பு ஆகாது, சோப்புத் தண்ணீர் ஆகாது. ஃபினாயில் ஒரு சொட்டு விழுந்தால் போதும், உள்ளே இருக்கிற நுண்ணுயிர் எல்லாம் செத்துவிடும் என்று நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

"இதே சோறு குப்பை மேட்டுல அழுகினா, அந்த வாயு சும்மா மேல போயி பூமியச் சூடாக்கும். நாம எரிச்சா நமக்குக் காப்பி" என்பார். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் இதே பேச்சு. எனக்கு மானம் போகும். நான் வங்கியில் வேலை பார்த்தவள். வீட்டில் யாரும் மூக்கைப் பொத்தக்கூடாது என்று நினைக்கிறவள். ஆனாலும் காலைக் காப்பி அந்த அடுப்பில்தான். சத்தமில்லாத நீலச் சுடர். அதை ஒருநாளும் அவரிடம் பாராட்டிச் சொன்னதில்லை.

வயிற்று வலி என்று போனவரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். அட்மிட் ஆன முதல் நாளிலிருந்து என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான். "தொட்டிக்குப் போட்டியா?" போட்டேன் என்பேன். பாதி நாள் பொய். ஆஸ்பத்திரிக்குப் போகக் காலை ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் யார் மாவு கரைப்பது?

அவரைப் பார்க்க வேலூரிலிருந்து என் நாத்தனார் வந்தார். கொல்லைப் பக்கம் போய்விட்டு வந்து, முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "வீடா இது, மாட்டுக்கொட்டாயா? இந்த நாத்தத்துலதான் என் தம்பிக்கு ஒடம்பு கெட்டுது" என்றார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கு டாக்டரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டைக் கழுவிவிட்டு மீதி ஃபினாயில் தண்ணீரை வாளியோடு தூக்கிப் போய், தொட்டிக்குக் கழிவு போடும் குழாயில் ஊற்றினேன். தெரியாமல் செய்யவில்லை. தெரிந்தே செய்தேன். ஊற்றும்போது நன்றாகத்தான் இருந்தது.

நாலு நாளில் தொட்டி அடியில் உட்கார்ந்துவிட்டது. அதே வாரத்தில் டாக்டர், இனி செய்ய எதுவும் இல்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்றார். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கும்போது இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போனதும் நம்ம கேஸ்ல ஒரு காப்பி போட்டுக் குடு" என்றார்.

வீட்டுக்கு வந்த மறுநாளே, ஊரின் அந்தக் கோடியில் கராடியில் வேலை பார்க்கும் என் மகளை அவருக்குக் காவல் வைத்துவிட்டு, ஆள் பிடித்துத் தொட்டியைக் காலி பண்ணிக் கழுவினேன். மாட்டுக்கொட்டகைக்குப் போய்ச் சாணி கேட்டேன். பால்காரர் மராத்தியில் சிரித்தார். மூட்டையை ஷேர் ஆட்டோவில் ஏற்ற விடவில்லை. தலையில் சுமந்து வந்தேன். நானே கரைத்து ஊற்றினேன். மகள், "அம்மா, சிலிண்டர்லயே போட்டுக் குடு நா. அப்பாக்கு என்ன தெரியப்போகுது?" என்றாள்.

அப்படியே போட்டுக் கொடுத்தேன். இரண்டு மடக்குக் குடித்தார். டம்ளரை வாங்கப் போன என் கையை முகர்ந்தார்.

"சாணி வாசன வருது. புதுசாப் போட்டியா?"

ஆமாம் என்றேன்.

"ஏன் நின்னுபோச்சு?"

வாய் வரைக்கும் வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. "தெரியலீங்க" என்றேன்.

"நான்தான் கெடுத்திருக்கேன். ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கு வலியில ரெண்டு நாள் மாவ ஒண்ணாக் கொட்டிட்டேன். புளிச்சிருக்கும். பாவம், நீ சாணி சொமந்திருக்க" என்றார். என் கையை விடவே இல்லை.

அதற்குப் பிறகு பதினேழு நாள் இருந்தார். ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்றுதான் பக்கத்தில் உட்காருவேன். "எழும்பிச்சா?" என்று கேட்பார். ஒரு சாண் எழும்பியிருக்கிறது, ஆனால் பற்றவில்லை என்பேன். "மொதல்ல வர்ற காத்து எரியாது. அதத் தொறந்து விட்டுடு. என் தப்புக்கு நீ அவதிப்படுற" என்பார். இந்தக் கடைசிப் பேச்சைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குச் செத்துவிடலாம் போலிருக்கும். இன்னும் இரண்டு நாள் போகட்டும், அடுப்பு பற்றிக்கொண்டால் காப்பியைக் கொடுத்துவிட்டு அப்படியே சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். அவர் ஒரு வியாழக்கிழமை மதியம் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில், பால் தெளித்து முடியும்வரை இழவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டோம். மறுநாள் பக்கத்து வீட்டு மராத்திக்காரர்கள் பிட்லா என்கிற கடலைமாவுக் கூட்டும் பாக்ரி ரொட்டியும் கொண்டுவந்தார்கள். பாத்திரம் கழுவக் கொல்லைக்குப் போனேன். தொட்டி முழு உயரத்துக்கு எழும்பி நின்றது. ஓரத்தில் குமிழ் விட்டு வாயு வெளியே போய்க்கொண்டிருந்தது. இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று அதைப் பார்த்துத் திட்டினேன்.

உள்ளே வந்து வால்வைத் திறந்து தீக்குச்சியைக் கிழித்தேன். பற்றிக்கொண்டது.

சாவுக்கு வந்திருந்த நாத்தனார் ஓடி வந்தார். "என்னம்மா பண்ற? அடுப்பு மூட்டக் கூடாது."

"சமைக்கலங்க அண்ணி. எரியுதான்னு பாத்தேன்" என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. "அவரு மாவு கொட்டுனதால கெடல. நான்தான் ஃபினாயில ஊத்துனேன். நீங்க வந்தன்னிக்கு."

நாத்தனார் சுடரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அடி வாங்கத் தயாராக இருந்தேன். "தம்பிகிட்டச் சொன்னியா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லீங்க."

அவர் குனிந்து வால்வை மூடிவிட்டுக் கூடத்துக்குப் போனார்.