பனியன் மெத்தையில் படுத்த மாடு

எங்கள் மாடு ஒரு கோடையில் ஜெர்மனிக்குப் போகவேண்டிய துணியின்மேல் படுத்துத் தூங்கியது. நாங்கள் கோரைப்பாயில் படுத்தோம். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. வீட்டில் எங்கள் மூன்று பேரையும்விட அதற்குத்தான் மரியாதை அதிகம்.

எண்பதுகளின் கடைசி அது. மங்கலம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்களுக்கு மூன்று ஏக்கர் காடு. சித்திரை பிறக்கும்போதே கிணற்றில் முழங்காலளவுதான் தண்ணீர். அறுத்த சோளத்தின் அடிக்கட்டையைத் தவிரக் காட்டில் ஒன்றும் நிற்கவில்லை. மாடு நிறைசினை, பால் வற்றியிருந்தது. வைகாசிக் கடைசியில் அது கன்று போட்டால்தான் சொசைட்டிக்குப் பால் ஊற்ற முடியும். அதுவரை வீட்டில் எல்லோரும் அதன் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கோடையில் விவசாயிக்கு என்ன வேலை என்று, நான் வேலைக்குப் போன பனியன் கம்பெனியில் என்னோடு இருந்த பெண்கள் கேட்பார்கள். எங்கள் அப்பாவுக்கு விடிந்ததும் வேலியில் மாட்டுக்குக் கிளுவைத் தழை ஒடிக்கிற வேலை. அப்புறம் கிணற்றில் இறங்கிச் சேறு அள்ளுவார். மேலே ஏறி வந்து, சோளத்தட்டுப் போர் இன்னும் எவ்வளவு உயரம் இருக்கிறது என்று கண்ணால் அளப்பார். அளந்த அன்றெல்லாம் யாரிடமும் பேசமாட்டார்.

வழக்கமாக மாடு தின்று கழித்த தட்டைத்தான் அதற்குக் கீழே பரப்புவோம். அந்த வருடம் கழித்துப்போடுகிற வசதியெல்லாம் மாட்டுக்கு இல்லை, கடைசித் துணுக்கு வரைக்கும் தின்றது. கட்டுத்தரையில் வெறும் கல்தான். படுத்துப் படுத்து எழுந்து முட்டி தேய்ந்து ரத்தம் கசிந்தது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. உடனே என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. அதுதான் கெரகம்.

எனக்குக் கம்பெனியில் செக்கிங் வேலை. ஜெர்மனிக்கு அனுப்பத் தைத்து வருகிற பனியனைப் புரட்டிப் பார்த்து ஓட்டை, கறை, பிசகிய தையல் எல்லாம் கண்டுபிடிக்கவேண்டும். குறை சொல்லிச் சம்பளம் வாங்குகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்! கட்டிங் மேசைக்குக் கீழே விழுகிற துண்டுகளில், வேஸ்ட் எடுக்கிறவரே வேண்டாம் என்று தள்ளிய இரண்டு மூட்டை மூலையில் கிடந்தது. சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

“எதுக்கு அம்மிணி?”

“மாட்டுக்கு மெத்தை போடறதுக்குங்க.”

“எங்கூட்டுல எனக்கே மெத்தை இல்லியே,” என்று சிரித்துவிட்டு, எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஒரு மூட்டையைப் பிரித்துப் பரப்பியதும் மாடு மோந்து பார்த்தது, மெதுவாக முட்டி மடக்கிப் படுத்தது. பக்கத்துத் தோட்டத்து அக்கா வந்து பார்த்து, “ஏனுங்க, ஒரு தலகாணியும் தெச்சுப் போட்டுருங்க,” என்றார். கேலிதான். ஆனால் தைத்தால் என்ன என்று நான் நிஜமாகவே யோசித்தேன்.

அம்மா பருத்திக்கொட்டையை ஆட்டி, தவிடும் உப்பும் கலந்து தாழியில் ஊற்றுவாள். மாடு மூக்குவரை விட்டுக் குடித்துவிட்டுத் தலையை உதறும். உதறியதெல்லாம் துணியில் தெறித்து ஊறும். ஒரு வாரம் கழித்து, நான் கம்பெனியிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போது அப்பா சொன்னார்:

“அம்மிணி, மாடு துணிய நக்குது. நாளைக்கு அத்தனையும் அள்ளி அக்கட்டால போட்டுரு. நான் மணல் கொண்டாந்து கொட்டிக்கறேன்.”

“சரீங்கப்பா,” என்றேன்.

அள்ளவில்லை. மறுநாள் ஷிப்மெண்ட் அவசரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நான் பார்த்துச் செய்த ஒன்றில் அப்பா குறை கண்டுபிடிப்பதா என்கிற ரோஷம்தான். ஈரத்துணியைத் திருப்பிப் போட்டு, இரண்டாவது மூட்டையிலிருந்து கொஞ்சம் உலர்ந்ததை எடுத்து மேலே பரப்பினேன். அப்பா பார்த்தபோது கட்டுத்தரை சுத்தமாக இருந்தது. ஈரத்துணியை அள்ளிவிட்டேன் என்று நினைத்து, மணலுக்கு அவசரமில்லை என்று விட்டுவிட்டார்.

நாலாம் நாள் மாடு அசைபோடுவதை நிறுத்தியது. மெத்தையில் படுக்கிற மாட்டுக்குக் கண் படாமல் இருக்குமா என்று அம்மா மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். வெற்றிலை, மிளகு, இஞ்சி எல்லாம் அரைத்து உள்ளே தள்ளினோம். இடதுபக்க வயிறு மட்டும் ஏறிக்கொண்டே போனது. காலையில் சாணி அள்ளப் போன என் கையில் நீலமாக ஒன்று வந்தது. கழுவிப் பார்க்கத் தேவையில்லாமலே தெரிந்தது, கழுத்துக்கு வைக்கிற ரிப் துணி. ஐயோ என்று கத்தினேன்.

அப்பா ஓடிப்போய் மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தார். அவர் மாட்டைத் தென்னையில் கட்டி, மரத்துப்போக ஊசி போட்டு, இடுப்புக்கு முன்னால் கிழித்துத் தோள்வரை கையை விட்டார். இழுக்க இழுக்க வந்தது. சிவப்பு, நீலம், கோடு போட்டது என்று ஒரு வாளி நிறைந்தது. இது கைக்கு வெட்டியது, இது கழுத்துக்கு வெட்டியது என்று பார்த்ததும் பிரித்துச் சொல்கிற அளவுக்கு நான் தொழிலில் தேறியிருந்தேன்.

“இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா தைச்ச பனியனே வந்திருக்கும்,” என்றார் டாக்டர்.

அம்மா அப்பாவிடம் திரும்பினாள். “ஏனுங்க, நாள் முச்சூடும் இங்கதான நிக்கறீங்க? அது துணிய நக்கறதைப் பாக்கவே இல்லீங்களா?”

அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் வாளியைப் பார்த்தார்.

“பாத்தேன். புள்ளகிட்ட அள்ளிப் போடச் சொல்லோணும்னு நெனச்சேன். மறந்துட்டேன்.”

அதற்கப்புறம் அம்மா பேசியதையெல்லாம் எழுத முடியாது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மாடு பிழைத்துக்கொண்டது. இரண்டு வாரத்தில் கன்று செத்துப் பிறந்தது. கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. நான் கம்பெனிக்குப் போகாமல் கிணற்று மேட்டில் உட்கார்ந்து அழுதேன். பச்சை மனசு, கன்றுக்காக அழுகிறது என்று அம்மா தலையைத் தடவிக்கொடுத்தாள். அவள் அறைந்திருந்தால் தேவலை.

கன்று இல்லாமல் மாடு பால் சுரக்காது. செத்த கன்றின் தோலை உரித்து, உள்ளே தட்டைத் திணித்துத் தைத்து முன்னால் நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா கன்றை உரிக்கக் கொடுத்துத் தோலை வாங்கிவந்து வெயிலில் உலர்த்தினார். தட்டு எடுக்கப் போர் இருந்த இடத்துக்குப் போனார். அங்கே வெறும் தரைதான் கிடந்தது. பிறகு கட்டுத்தரை மூலைக்குப் போய், மிச்சமிருந்த இரண்டாவது மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தார்.

நான் தோலை விரித்துப் பிடித்தேன். அப்பா துணியைத் திணித்தார்.

“நல்லா இறுக்கிப் புடி அம்மிணி. இந்தவாட்டி உள்ள இருக்கறது வெளிய வரக்கூடாது,” என்றார்.

மாடு தலையிலிருந்து வால்வரை அதை நக்கியது. நெற்றிச் சுட்டியைத் திரும்பத் திரும்ப நக்கியது. மடி சுரந்தது, நான் உட்கார்ந்து கறந்தேன்.

அப்பா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் மாட்டுப் பேச்சு வந்தால் அம்மா அவர் படத்தைப் பார்த்து, “மறந்துட்டாராமா! ஒரு வார்த்தை புள்ளகிட்டச் சொல்லியிருந்தா அவ அள்ளிப் போட்டிருக்க மாட்டாளா?” என்று ஆரம்பிப்பாள்.

“போட்டிருப்பேன்மா,” என்பேன்.