கேரியரில் நைனா

நடந்துவிட்டு வந்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மகள் தைலம் போட்டு உருவியபடி, "இப்படி இறுக்கிக்கினா சதைக்குள்ள ரத்தம் எப்படிம்மா ஓடும்?" என்றாள். அவள் உருவ உருவ, என் நைனாவின் கால் நினைவில் வந்து நின்றது.

அன்று பூந்தமல்லியில் எனக்கு நர்ஸ் பயிற்சி நேர்காணல். பஸ்ஸை விட்டுவிட்டோம். ஆவடித் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்த நைனா, தூங்காமல் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். எதிர்காற்று வேறு. பாதி வழியில் அவர் கெண்டைக்கால் கருங்கல்லாக இறுகிவிட்டது.

"இன்னா அண்ணாத்தே, வண்டி பஞ்சரா, காலு பஞ்சரா?" என்றார் டீக்கடைக்காரர்.

உட்கார்ந்து உருவிவிட்டேன். காலில் சூடு வந்தது, பலம் வரவில்லை. நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. பாவாடையைச் செருகிக்கொண்டு, "பின்னால குந்து நைனா, நான் மிதிக்கிறேன்" என்றேன்.

"எப்போ கத்துக்கின?"

"பகல்ல நீ தூங்கச்சொல்ல சைக்கிள் சும்மாதானே நிக்குது."

திட்டுவார் என்று நினைத்தேன். "தம் கட்டாத கண்ணு, மூச்ச வுட்டு மிதி" என்றார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இடமும் கிடைத்தது.

திரும்பும்போது அவர் கால் சரியாகியிருந்தது. இருந்தும் கேரியரில்தான் ஏறினார். எதிரில் வந்தவர்களிடமெல்லாம், "எம்பொண்ணு ஓட்டுது பாரு!" என்றார்.

"வலி போச்சாம்மா?" என்கிறாள் மகள்.

போய்விட்டது. "இன்னும் கொஞ்சம் உருவு" என்கிறேன்.