செவ்வாயும் வெள்ளியும் நீச்சல்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் இஸ்திரியக்கா. பெரிய டாக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். கட்டிலைவிட அகலமான சூட்டு உருளைகள் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும் இஸ்திரி மெஷினின் வாய்ப்பக்கத்தில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே நிற்கிறாள். ஈரவிரிப்பின் ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை ஜோடிக்காரி பிடிக்க, இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் உதறி உருளைக்குள் விடவேண்டும். ஒருத்தி முந்தினால் துணி கோணும். ஒருத்தி பிந்தினால் சுருக்கம் விழுந்து, விழுந்தது விழுந்தபடியே வெந்துபோகும். மறுபடி நனைத்துத்தான் எடுக்கணும்.

ஜோடிக்காரிக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். உள்ளே வந்ததும் வாயைத் திறந்தால் ஷிப்ட் மணி அடித்தால்தான் மூடுவாள். மெஷின் இரைச்சலில் பாதிப் பேச்சு காதில் விழாது, அதனாலேயே இத்தனை வருஷம் சிநேகிதம் தாக்குப்பிடித்தது. அந்த ரேடியோவுக்கே உடம்பு முடியாத நாள் வந்தால், பேச்சில் ஒரு வித்தியாசமும் தெரியாது. துணியில்தான் தெரியும். தோள் ஓய்ந்துவிட்டால் விரிப்பின் நடுப்பாகம் வயிறு மாதிரித் தொய்ந்து தரையைத் தொடப் பார்க்கும். "போடி, போய் உக்காரு" என்பாள் இஸ்திரியக்கா. "எனக்கென்னக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே ரேடியோ போய் உட்கார்ந்துவிடுவாள்.

வீட்டில் அப்படி உட்கார்ந்துகொள்ள இஸ்திரியக்காவுக்கு இப்போதெல்லாம் வழியில்லை. வீட்டில் ஒரு விருந்தாளி இருந்தாள்.

எல்லாம் தானாக இழுத்து விட்டுக்கொண்டதுதான். மகன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டான். புருஷன் லாரி ஓட்டுகிறவர், வாரக்கடைசியில் வந்து, தூங்கி, எழுந்து, மறுபடி கிளம்பிவிடுவார். மகனுடைய அறைக்கதவு சாத்தியே கிடந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு வருஷம் படிக்க வருகிற பிள்ளைகளைத் தங்கவைக்க ஒரு சங்கத்துக்காரர்கள் வீடு தேடுகிறார்கள் என்று ரேடியோ சொன்னபோது, ஒரு ஆள் நடமாட்டம் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றியது. இப்படித்தான் அந்தப் பெண் வந்தாள். பதினாறு வயது. கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, முகம் முழுக்கச் சிரிப்பு.

பேருந்து நிலையத்தில் ஒப்படைக்க வந்த சங்கத்துக்காரம்மா, "இவங்களை அம்மான்னே கூப்பிடும்மா" என்றாள் பெண்ணிடம்.

"வேண்டாங்க, அவளுக்குன்னு அம்மா இருக்காங்கல்ல? அத்தைன்னு கூப்பிடட்டும்" என்றாள் இஸ்திரியக்கா. பிறகு பேச்சு நின்றுவிடக்கூடாதே என்று, "உனக்கு என்ன பிடிக்கும் கண்ணு?" என்று கேட்டு வைத்தாள்.

பெண் கொஞ்சநேரம் முழித்தாள். "நீச்சல்" என்றாள்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் நீச்சல். சலவைக்கூடத்தின் ஆவியில் வெந்து வீடு திரும்பி, செருப்பைக் கழற்றுவதற்குள், வாசலில் பையோடு அவள் நிற்பாள், சிரித்தபடி. காரை எடுத்து ஊர்க்கோடியில் இருக்கும் நீச்சல்குளத்துக்குப் போகவேண்டும். பெண் தண்ணீரில் போய்வந்துகொண்டிருப்பாள். இவள் பிளாஸ்டிக் நாற்காலியில், குளோரின் நெடி மூக்கைப் பிடுங்க, தூங்கிவிடாமல் இருக்கத் தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கரைக்கு வரும்போதெல்லாம் பெண் கையசைப்பாள். இவளும் அசைக்கவேண்டும். தூங்கினால் அந்தக் கையசைப்புக்கு யார் பதில் சொல்வது?

முன்பெல்லாம் ராத்திரிக்கு ஒரு முட்டையைப் பொரித்து நின்றபடியே தின்றுவிட்டுப் படுப்பாள். இப்போது மேஜை, விரிப்பு, இரண்டு வகைக் கறி. பெண் வகுப்பில் படித்த மொழியில், செய்தி வாசிக்கிற மாதிரி, "மிக்க நன்றி அத்தை, மிகவும் சுவையாக இருக்கிறது" என்பாள். தண்ணீர் கொடுத்தால் நன்றி. உப்பை நகர்த்தினால் நன்றி. பெற்ற பிள்ளை இருபது வருஷம் 'ம்' என்பதைத் தவிர வேறு சொன்னதில்லை. அது எவ்வளவு சௌகரியம் என்று இப்போதுதான் புரிந்தது. நன்றி சொல்கிற பெண்ணுக்கு முன்னால் காலை நீட்டி உட்கார முடியுமா? 'எனக்கு முடியல' என்று முனக முடியுமா? சொந்த வீட்டிலேயே அவள் இடுப்பு வலிக்க நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வருஷம் பாதி ஆனபோது சங்கத்துக்காரம்மா போன் செய்தாள். "மீதி வருஷத்துக்கும் உங்ககிட்டயே இருக்கட்டுமா, இல்ல வேற வீடு பார்க்கட்டுமாம்மா? கட்டாயம் ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிடுறேன், யோசிச்சு வைங்க."

யோசிக்க என்ன இருந்தது? முடியாது என்று உடம்பு ஏற்கெனவே சொல்லிவிட்டது. அதை வாயால் எப்படிச் சொல்வது என்பதுதான் வாரம் முழுக்க நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

"நேரா சொல்லுக்கா, முடியலன்னு" என்றாள் ரேடியோ, விரிப்பை உதறியபடி. "நீ என்ன சத்திரமா நடத்துற?"

"என்ன காரணம்னு சொல்றது? அது ஒரு தப்பும் பண்ணலையே. கோவமா ஒரு வார்த்தை பேசியிருந்தாகூடப் பரவால்ல."

"அடேங்கப்பா! ஊருல எல்லாம் பிள்ளைங்க அடங்கலன்னு அழறாங்க. நீ அடங்கிக் கிடக்குதேன்னு அழற."

"சிரிக்காதடி. அது சிரிச்சுக்கிட்டே நிக்கிறதைப் பார்த்தா எனக்கு மூச்சு முட்டுது."

"அப்ப அனுப்பிடு."

"போற எடத்துல எப்படி வச்சுக்குவாங்களோ?"

"சரியாப் போச்சு போ" என்று ரேடியோ தலையில் அடித்துக்கொள்ளப் பார்த்தாள். கையில் துணி இருந்ததால் முடியவில்லை.

புருஷனிடம் போனில் சொன்னபோது, அவர் ஏதோ சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொட்டாவி விட்டார். "ஆசைப்பட்டது நீ. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நான் வர்றப்ப அது எழுந்து நின்னு வணக்கம் வைக்குதே, அதை மட்டும் நிறுத்தச் சொல்லு. இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி இருக்கு."

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று ஒரு மெஷின் பழுதாகி எல்லா வார்டுத் துணியும் அவர்கள் தலையில் விழுந்தது. முதுகு பலகையாகிவிட்டது. வீட்டுக்கு வந்தால், வாசலில் பை. ஆனால் பெண் வாசலில் இல்லை. கொல்லைப்பக்கம் கொடியில் காய்ந்த விரிப்புகளை எடுத்துக்கொண்டிருந்தாள். தன்னுடையதோடு இவளுடையதையும் சேர்த்துத் துவைத்துப் போட்டிருக்கிறாள்.

"உன்னை யாரு கண்ணு இதெல்லாம் செய்யச் சொன்னது?"

"பரவாயில்லை அத்தை. எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது."

தனியாளாக மடிக்க முடியாத பெரிய விரிப்பு. இஸ்திரியக்கா கை தானாகப் போய் ஒரு முனையைப் பிடித்தது. பெண் மறுமுனையைப் பிடித்தாள். இத்தனை மாதத்தில் இரண்டு பேரும் சேர்ந்து விரிப்பு மடித்ததே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அன்றாடம் செய்கிற வேலையை வீட்டிலும் எதற்கு என்று அவள் மடிக்காமலே விட்டுவிடுவாள். "உதறு" என்றாள். உதறினார்கள்.

விரிப்பு நடுவில் தொய்ந்து, வயிறு மாதிரித் தரையைத் தொட்டது.

மறுபடி உதறச் சொன்னாள். மறுபடியும் தொய்ந்தது. துணிக்கு அப்பால் அதே சிரிப்பு, ஒரு பல்கூடக் குறையாமல். ஆனால் தோள் ஓய்ந்து இறங்கியிருந்தது. எதிரே நிற்பது ரேடியோ என்றால் இஸ்திரியக்கா என்ன சொல்வாளோ, அது யோசிக்காமலே வந்துவிட்டது.

"போ, போய் உக்காரு."

"இல்லை அத்தை, நான் நலமாக..."

"உக்காருன்னா உக்காரு."

பெண் பின்கட்டுப் படியில் உட்கார்ந்தாள். விரிப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு இவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த சுகத்தில் காலை நீட்டினாள்.

"கண்ணு, உண்மையைச் சொல்லு. உனக்கு நீச்சல் பிடிக்குமா?"

"மிகவும் பிடிக்கும். உங்களுக்கும் பிடிக்கும் அல்லவா? நீங்கள்தான் ஒவ்வொரு முறையும்..."

"எனக்கா? அந்த நாத்தம் வயித்தைப் புரட்டுது. உக்காந்துகிட்டே செத்துப்போயிடுவேன் போல இருக்கு."

பெண்ணின் சிரிப்பு முதலில் உதட்டோரத்தில் கழன்றது. பிறகு மொத்தமாகப் போய்விட்டது. அது இல்லாத முகம் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"எனக்கும்" என்றாள். "தண்ணி... ரொம்பக் குளிரு."

செய்தி வாசிக்கிற குரல் இல்லை. கடைத்தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் காதில் விழுந்து ஒட்டிக்கொண்ட பேச்சு. பிறகு அது நிற்காமல் வந்தது. அன்றைக்குப் பேருந்து நிலையத்தில் நீச்சல் என்ற வார்த்தை ஒன்றுதான் வாயில் வந்ததாம். கூட வந்த பெண் ஒருத்தி சாப்பாடு பிடிக்கவில்லை என்று ஒருநாள் சொன்னதற்கு அவளை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்களாம், அங்கிருந்து இன்னொரு வீட்டுக்கு. அதனால் இந்தப் பெண் எதையும் பிடிக்கவில்லை என்று சொல்வதில்லையாம். காலையிலிருந்து எல்லாரும் பேசுவதைக் கவனித்துக் கவனித்து மத்தியானத்துக்கு மேல் தலைக்குள் இடமில்லை.

"அப்புறம் யாரு பேசினாலும் தண்ணிக்குள்ள இருந்து கேக்குற மாதிரி இருக்கு அத்தை. ஆனா சிரிக்கணும்ல?"

"அதை யாருடி சொன்னது?"

"யாரும் சொல்லல."

"நானும் இங்க உன்னைப் பார்த்துச் சிரிச்சுச் சிரிச்சு தாடை விட்டுப்போய்க் கிடக்கேன்."

பெண் அவளைப் பார்த்தாள். சிரிப்பு வருமோ என்று பார்த்தால், அழுகை வந்தது. இஸ்திரியக்கா மடியில் இருந்த விரிப்பின் ஒரு முனையை எடுத்துக் கொடுத்தாள். பெண் அதில் மூக்கைச் சிந்தினாள்.

"துவைச்சது போச்சு" என்றாள் இவள்.

சங்கத்துக்காரம்மாவின் போன் வந்தபோது பெண் கூடத்து சோபாவில், காலுறைகூடக் கழற்றாமல் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா முடிவு பண்ணீங்க? ஏன் இவ்வளவு மெதுவாப் பேசுறீங்க?"

"பொண்ணு தூங்குது. இங்கயே இருக்கட்டும்."

"ரொம்ப சந்தோஷம்மா. ஏதாச்சும் சிரமம் இருந்தா சொல்லுங்க, ஏற்பாடு பண்றேன்."

"சிரமம் இருக்கத்தான் செய்யும்" என்றாள். "நீச்சல் மட்டும் வேண்டாம்."

மறுநாள் விடிந்து வெகுநேரம் கழித்துப் பெண் எழுந்து வந்தாள். தலை பரட்டை, முகம் உர்ரென்று. வணக்கம் இல்லை. ரொட்டியை எடுத்துத் தின்றாள். "டீ?" என்று கேட்டதற்கு "ம்" என்றாள். குடித்துவிட்டு, தட்டையும் கோப்பையையும் மேஜையிலேயே போட்டுவிட்டு மறுபடி அறைக்குள் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

இஸ்திரியக்கா அந்தத் தட்டைப் பார்த்தாள். கழுவ எழுந்திருக்கலாம்தான். அலுப்பாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டு அவளும் போய்ப் படுத்தாள்.